சொலிசிட்டர் பில்லை கோர்ட்டில் எதிர்க்க எத்தனை நாள் இருக்கிறது? இங்கிலாந்து, வேல்ஸுக்கான முழுமையான வழிகாட்டி

சொலிசிட்டர் அனுப்பிய பில் அதிகம் என்று தெரிந்தும் அதைக் குறைக்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் தேதிதான் காரணமாக இருக்கிறது. புகார்க் கடிதம் எழுதுகிறார்கள், பதிலுக்குக் காத்திருக்கிறார்கள், மறுபடி எழுதுகிறார்கள். கோர்ட்டுக்குப் போகலாம் என்று முடிவு செய்யும்போது கெடு முடிந்திருக்கும். அதனால் எவ்வளவு குறைக்கலாம் என்று யோசிக்கும் முன்பே தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

1. யாருடைய செலவு என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

உங்களுக்காக வேலை செய்த சொலிசிட்டரின் பில் ஒரு வகை. வழக்கில் தோற்றதால் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவை நீங்கள் கட்ட வேண்டும் என்று கோர்ட் சொல்லியிருந்தால் அது இன்னொரு வகை. இரண்டுக்கும் சட்டம் வேறு, படிவம் வேறு, கெடுவும் வேறு.

முதல் வகைக்கு 1974ஆம் ஆண்டின் சொலிசிட்டர்கள் சட்டம், அதில் முக்கியமாக 70ஆம் பிரிவு. இரண்டாவதுக்கு சிவில் நடைமுறை விதிகளின் 47ஆம் பகுதி. இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி முதல் வகையைப் பற்றியது. இரண்டாவதைக் கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கிறேன். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டங்கள் உண்டு, இது அங்கே செல்லாது.

2. இவற்றை ஒரே கோப்பில் சேருங்கள்

பில், அதோடு வந்த கடிதம், தபாலில் வந்திருந்தால் உறை, மின்னஞ்சலில் வந்திருந்தால் அந்த மின்னஞ்சல். அப்புறம், வேலையை ஆரம்பிக்கும்போது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம். இடையில் அவர்கள் தந்த செலவு மதிப்பு எல்லாம். நீங்கள் பணம் கட்டியிருந்தால் வங்கி ஸ்டேட்மென்ட்.

ஒப்பந்தம் ஏன் அவ்வளவு அவசியம்? மணிக்கு இவ்வளவு, அல்லது மொத்தமாக இவ்வளவு என்று உறுதியாகப் பேசி எழுதிய சில ஒப்பந்தங்களுக்குச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒப்பந்தம் இருந்தால் பில்லை எதிர்க்கும் முன் அந்த ஒப்பந்தத்தையே எதிர்க்க வேண்டி வரலாம். இதைத் தாக்கல் செய்த பிறகு தெரிந்துகொள்வது மிகவும் செலவாகும்.

“வென்றால்தான் கட்டணம்” முறையில் வழக்கு நடந்திருந்தால், இழப்பீட்டிலிருந்து எவ்வளவு பிடித்தார்கள் என்று காட்டும் கணக்கும் வேண்டும்.

3. பில் உங்களிடம் சேர்ந்த தேதியைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான கெடுக்கள் பில் தரப்பட்ட நாளிலிருந்து ஓடுகின்றன. பில்லில் அச்சிட்ட தேதி, கடிதத்தின் தேதி, உறையின் முத்திரைத் தேதி, கதவடியில் விழுந்த தேதி என்று நான்கும் நான்கு விதமாக இருக்கலாம். எது சரி என்று பின்னால் வாதாட வேண்டி வராதபடி, இருப்பதிலேயே முந்திய தேதியை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். மூன்று நாள் முன்னதாகத் தாக்கல் செய்வதால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

மாதம் என்றால் காலண்டர் மாதம், 30 நாள் என்று எண்ணாதீர்கள். மார்ச் 10 அன்று பில் வந்தால் ஒரு மாதம் ஏப்ரல் 10 அன்று முடிகிறது. ஜனவரி 31 அன்று வந்தால் பிப்ரவரியின் கடைசி நாளோடு முடிந்துவிடும். இந்த இரண்டாவது கணக்கில் தடுமாறாதவர்கள் குறைவு.

மாதாமாதம் பில் வந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒப்பந்தம் அனுமதித்திருந்தால் இடைக்கால பில் ஒவ்வொன்றும் அந்தக் காலத்துக்கான இறுதி பில்லாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கெடு ஓடும். வெறும் முன்பணம் கேட்டு அனுப்பியதாக இருந்தால் அது அப்படி நிற்காது. சில சமயம் தொடர் பில்களை ஒரே பில்லாகக் கொண்டு, கடைசி பில்லின் தேதியிலிருந்து கோர்ட் எண்ணுவதும் உண்டு. அது கிடைத்தால் நல்லது, ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பட்டியலிட்டு, எதிரே அதன் கெடுவை எழுதுங்கள்.

4. அது சட்டம் ஏற்கும் பில்தானா?

69ஆம் பிரிவின்படி பில்லில், அல்லது அதோடு வரும் கடிதத்தில், சொலிசிட்டரோ அவர் அனுமதித்த ஊழியரோ கையெழுத்திட்டிருக்க வேண்டும். நேரில், தபாலில், அல்லது நீங்கள் சம்மதம் சொல்லியிருந்தால் மின்னஞ்சலில் தரலாம். என்ன வேலைக்கு எவ்வளவு என்று புரியும் அளவுக்காவது விவரம் இருக்க வேண்டும்.

இவற்றில் ஏதாவது குறைந்தால் கெடு இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை என்று வாதிட இடம் கிடைக்கும். அந்த வாதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டுமே நம்பிக் கெடுவை விடாதீர்கள். நீதிபதி பில் சரியானதுதான் என்று சொல்லிவிட்டால் உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

பில்லே தரவில்லை, பணம் மட்டும் பிடித்துக்கொண்டார்கள் என்றால் 68ஆம் பிரிவின்கீழ் பில் தரும்படி கோர்ட் உத்தரவு கேட்கலாம்.

5. இப்போது கெடுக்களை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி இது. தேதிகளைக் காலண்டரில் போட்ட பிறகு மேற்கொண்டு படியுங்கள்.

முதல் மாதம்: பில் தரப்பட்டு ஒரு மாதம் முடிவதற்குள் நீங்கள் விண்ணப்பித்தால் கோர்ட் மதிப்பீட்டுக்கு, அதாவது பில் நியாயமானதா என்று பார்த்துத் தொகையை முடிவு செய்வதற்கு, உத்தரவிட்டே ஆக வேண்டும். கோர்ட்டில் முன்கூட்டிப் பணம் கட்டச் சொல்ல முடியாது. மதிப்பீடு முடியும்வரை அந்த பில்லுக்காகச் சொலிசிட்டர் உங்கள்மேல் வழக்கும் போட முடியாது. இவ்வளவு பலம் வேறு எந்தக் கட்டத்திலும் உங்களுக்குக் கிடைக்காது.

ஒரு மாதத்துக்குப் பின், 12 மாதத்துக்குள்: பணம் கட்டவில்லை, உங்கள்மேல் தீர்ப்பும் இல்லை என்றால் இன்னும் விண்ணப்பிக்கலாம். உத்தரவிடுவதா வேண்டாமா என்பது நீதிபதியின் விருப்பம். ஒரு பகுதியை முதலில் கட்டு என்பது போன்ற நிபந்தனையும் போடலாம். ஒரு மாதம் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அது தவறு.

சிறப்புச் சூழ்நிலை தேவைப்படும் கட்டம்: பில் வந்து 12 மாதம் தாண்டியிருந்தாலோ, அந்தக் கட்டணத்துக்காக ஏற்கெனவே தீர்ப்பு வந்திருந்தாலோ, பணம் கட்டி அதிலிருந்து 12 மாதம் இன்னும் முடியாமல் இருந்தாலோ, சிறப்புச் சூழ்நிலை இருக்கிறது என்று நீங்கள் காட்ட வேண்டும். எதெது சிறப்புச் சூழ்நிலை என்று சட்டத்தில் பட்டியல் இல்லை. விளக்கம் கேட்க வேண்டிய ஏதோ ஒன்று இந்த பில்லில் இருக்கிறதா என்றுதான் நீதிபதி பார்ப்பார். முன்பு சொன்ன செலவு மதிப்பை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பல மடங்கு தாண்டியது, ஒப்பந்தத்தில் இல்லாத விலையில் கணக்குப் போட்டது போன்றவை இதில் வரலாம்.

கதவு மூடும் நாள்: பணம் கட்டி 12 மாதம் முடிந்துவிட்டால் 70ஆம் பிரிவின்கீழ் மதிப்பீட்டுக்கு உத்தரவிட கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை. எவ்வளவு நல்ல காரணம் இருந்தாலும் நடக்காது. கோர்ட்டின் பொது அதிகாரத்தைக் கொண்டும் இதைத் தாண்ட முடியாது என்று அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1990இல் முடிவு செய்தது.

6. பணம் கட்டும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்

கட்டிய மறுகணமே நீங்கள் எளிய கட்டத்திலிருந்து சிறப்புச் சூழ்நிலைக் கட்டத்துக்குப் போய்விடலாம். 12 மாதக் கெடுவும் அன்றிலிருந்து ஓடும். கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தால், தொகையை ஏற்கவில்லை, எதிர்க்கும் உரிமையோடு கட்டுகிறேன் என்று எழுத்தில் சொல்லுங்கள். இதனால் கெடு நிற்காது, ஆனால் தொகைக்குச் சம்மதித்தீர்கள் என்ற வாதத்தைத் தடுக்கும்.

இழப்பீட்டிலிருந்தே கட்டணத்தைப் பிடித்துக்கொண்டால் அது நீங்கள் “கட்டியது” ஆகுமா என்பது பெரிய சண்டையாக இருந்தது. 2024 அக்டோபரில் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்தது. பில்லை உங்களிடம் தந்து, அந்தத் தொகைக்கு நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகு பிடித்தால்தான் அது கட்டியதாகக் கணக்கு. பிடித்துக்கொள்ளலாம் என்று ஆரம்ப ஒப்பந்தத்தில் பொதுவாக எழுதியிருப்பது மட்டும் போதாது.

விபத்து வழக்கு முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று கைவிட்டவர்களில் சிலருக்கு இந்தத் தீர்ப்பால் இன்னும் வழி இருக்கலாம். பில் வந்து 12 மாதம் தாண்டியிருக்கும் என்பதால் சிறப்புச் சூழ்நிலையைக் காட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு “சரி” என்று நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலே சம்மதமாகிவிடக்கூடும். அதனால் அப்படி ஒரு வரி எழுதும் முன் பில்லைப் படியுங்கள்.

7. விவரம் கேளுங்கள், ஆனால் 64ஆம் பிரிவைத் தொடும் முன் யோசியுங்கள்

நேரக் கணக்கைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுவதில் ஆபத்து இல்லை. சொலிசிட்டர்கள் பொதுவாக ஆறு நிமிடத்தை ஓர் அலகாக வைத்து எழுதுகிறார்கள். அதைப் பார்த்தால்தான் எங்கே வீங்கியிருக்கிறது என்று தெரியும்.

வழக்கு சம்பந்தமான வேலைக்கு மொத்தத் தொகையாக பில் வந்திருந்தால், மூன்று மாதத்துக்குள், அதுவும் உங்கள்மேல் வழக்குப் போடுவதற்கு முன், விவரமான பில் கேட்கும் உரிமையை 64ஆம் பிரிவு தருகிறது. கேட்டவுடன் பழைய பில் செல்லாது. புது பில் பழையதைவிடக் கூடுதலாகவும் வரலாம். எங்கள் பில் குறைத்துப் போட்டதுதான் என்று அவர்கள் சொல்லியிருந்தால் இந்தப் பிரிவைப் பயன்படுத்துவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். எந்த உரிமையில் கேட்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் தெளிவாக எழுதுவதும் அதனால்தான் முக்கியம்.

8. புகாரும் கோர்ட்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்காது

சொலிசிட்டரின் அலுவலகத்தில் முதலில் புகார் செய்ய வேண்டும், அவர்களுக்கு எட்டு வாரம் அவகாசம். பதில் திருப்தி இல்லையென்றால், வழக்கறிஞர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பான லீகல் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். உங்களுக்கு அது இலவசம், கட்டணத்தைக் குறைக்கும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. சிறிய தொகைக்கு இதுவே ஏற்ற வழி என்பது என் கருத்து.

ஓம்பட்ஸ்மனுக்கும் கெடு இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், சம்பவம் நடந்த நாளிலிருந்தோ அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். சொலிசிட்டரின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள்ளும் போக வேண்டும்.

எட்டு வாரத்தையும் ஒரு மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புகாருக்குப் பதில் வருவதற்குள் 70ஆம் பிரிவின் முதல் மாதம் போயே போய்விடும். புகார் எழுதினால் கோர்ட் கெடு நிற்கும் என்று எங்கேயும் இல்லை. பேசி முடிக்கலாம் என்று சொலிசிட்டர் இனிமையாகப் பதில் எழுதினாலும் நிற்காது. தொகை பெரியது என்றால் இரண்டாவது வாரத்திலேயே எந்த வழி என்று முடிவெடுங்கள்.

9. ஐந்தில் ஒரு பங்கு கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மதிப்பீட்டுக்கும் செலவு ஆகும், அதை யார் கட்டுவது? பில்லில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தால் சொலிசிட்டர் கட்ட வேண்டும். அதைவிடக் குறைவாகக் குறைந்தால் நீங்கள். சிறப்புச் சூழ்நிலை இருந்தால் மாற்றலாம், ஆனால் அடிப்படை விதி இதுதான்.

பில் 10,000 பவுண்டு என்று வையுங்கள். 8,000க்குக் குறைந்தால் மதிப்பீட்டுச் செலவு அவர்கள் தலையில். 8,100க்குக் குறைந்தால் நீங்கள் 1,900 பவுண்டு மிச்சம் பிடித்தும், மதிப்பீட்டுச் செலவாக அதைவிட அதிகம் கொடுத்துவிட்டு வர நேரலாம். மனதில் பட்ட ஆட்சேபங்களை எல்லாம் கூட்டி, அதில் உறுதியானவை மட்டும் 20 சதவீதத்தைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் பேசிக் குறைப்பதோ ஓம்பட்ஸ்மனோதான் மேல்.

10. விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யுங்கள்

சிவில் நடைமுறை விதிகளின் பகுதி 67 சொல்வதுபடி, பகுதி 8 கோரிக்கையாக, என்208 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். லண்டனில் இதைப் பார்ப்பது சீனியர் கோர்ட்ஸ் காஸ்ட்ஸ் ஆஃபிஸ். வெளியூரில் உயர் நீதிமன்றத்தின் மாவட்டப் பதிவகங்கள் உள்ளன. சாதாரணக் கோரிக்கைக்கான பகுதி 7 படிவத்தையோ, இணையத்தில் பணம் கோரும் முறையையோ எடுத்துப் போகாதீர்கள். திரும்பி வருவதற்குள் கெடு போய்விடும்.

எந்த பில்கள், அவை எந்தத் தேதியில் தரப்பட்டன, பணம் கட்டியதா இல்லையா, எந்த உட்பிரிவின்கீழ் கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள். சிறப்புச் சூழ்நிலை தேவைப்பட்டால் அதை விளக்கும் சாட்சி வாக்குமூலத்தையும் சேருங்கள். இந்தக் கட்டத்தில் ஒவ்வொரு வரியாக பில்லைப் பிரித்து வாதாட வேண்டியதில்லை, அதற்குப் பின்னால் இடம் இருக்கிறது.

கட்டணம் கட்ட வசதி இல்லாவிட்டால் இஎக்ஸ்160 படிவத்தில் விலக்குக் கேட்கலாம். அது நிறைவேற நாள் எடுக்கும், அதையும் சேர்த்துக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாகத் தாக்கல் செய்யுங்கள். கடைசி நாளில் படிவத்தில் ஒரு கட்டம் விடுபட்டதாகத் திருப்பி அனுப்பினால் அதைச் சரிசெய்ய நேரம் இருக்காது.

தொகை பெரியது, பில்கள் பல என்றால் இந்த இடத்தில் ஒரு காஸ்ட்ஸ் லாயரிடம் (வழக்குச் செலவு விஷயங்களை மட்டும் பார்க்கும் வழக்கறிஞர்) காட்டுங்கள். அவர்களுக்கு இதுவே தொழில்.

11. உத்தரவு வந்த பிறகும் கெடு உண்டு

உத்தரவில் வேறு சொல்லாவிட்டால், சொலிசிட்டர் 28 நாளுக்குள் செலவு விவரப் பட்டியல் தர வேண்டும். அது வந்து 14 நாளுக்குள் உங்கள் ஆட்சேபப் பட்டியல். அதற்கு அவர்கள் பதில் தர விரும்பினால் இன்னும் 14 நாள். விசாரணைத் தேதி கேட்டு விண்ணப்பிக்க, உத்தரவு தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள்.

இதில் உங்களை நெருக்குவது அந்த 14 நாள். பட்டியல் நூறு பக்கமாக இருக்கலாம். ஆகவே விவரம் வரும் முன்பே உங்கள் பக்கத்துக் கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கி வைத்திருங்கள்.

“நேரம் அதிகம், கட்டணம் நியாயமில்லை” என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. எந்த வரி என்று குறிப்பிடாத ஆட்சேபம் தள்ளுபடி ஆனதை 2020இல் அப்பீல் கோர்ட் சரியென்றது. இப்படி எழுதுங்கள்: “வரி 42, மார்ச் 3, எதிர்த்தரப்பின் கடிதத்தைப் படித்தது, மூன்று அலகு. கடிதம் இரண்டே வரி, இணைத்துள்ளேன். ஓர் அலகு போதும்.” நீதிபதியால் உடனே முடிவெடுக்க முடிகிற மாதிரி இருக்கிறது, பாருங்கள்.

இன்னொன்று: நீங்கள் சம்மதித்துச் செய்த செலவு நியாயமானது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். ஆனால் வழக்கத்துக்கு மாறான செலவாக இருந்து, இது எதிர்த்தரப்பிடமிருந்து திரும்பக் கிடைக்காமல் போகலாம் என்று சொலிசிட்டர் உங்களிடம் சொல்லாமல் இருந்தால், அது நியாயமற்றது என்ற ஊகம் உங்கள் பக்கம் வரும். பெரிய தொகைகளில் இதை முதலில் தேடுங்கள்.

12. அதற்குள் சொலிசிட்டர் வழக்குப் போட்டுவிட்டால்

பில் தந்து ஒரு மாதம் முடியும்வரை பொதுவாக அவர்களால் வழக்குப் போட முடியாது. அதன்பின் போடலாம். கோரிக்கை விவரம் உங்களிடம் சேர்ந்த பிறகு பதிலுக்கு 14 நாள். அதற்குள் கிடைத்ததை ஒப்புக்கொள்ளும் படிவத்தை அனுப்பினால் எதிர்வாதத்துக்கு மொத்தம் 28 நாள் கிடைக்கும். எதுவும் செய்யாவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும், நீங்களும் சிறப்புச் சூழ்நிலைக் கட்டத்துக்குத் தள்ளப்படுவீர்கள்.

70ஆம் பிரிவின் கெடு போயிருந்தாலும், கட்டாத பில்லுக்காக அவர்கள் வழக்குப் போடும்போது தொகை நியாயமில்லை என்று எதிர்வாதத்தில் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கெடு போனதால் கேட்ட தொகை முழுவதையும் கட்டியே ஆக வேண்டும் என்று வரும் கடிதத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

13. எதிர்த்தரப்பின் வழக்குச் செலவு என்றால்

விசாரணை முடிவிலேயே நீதிபதி தொகையைச் சொல்லிவிட்டால் பொதுவாக 14 நாளில் கட்ட வேண்டும். அதை எதிர்த்து அப்பீல் அனுமதி கேட்க, கோர்ட் வேறு கெடு தராவிட்டால், 21 நாள்.

விரிவான மதிப்பீடு என்று உத்தரவானால், செலவு பெறுகிறவர் தீர்ப்பு தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பில்லையும் என்252 அறிவிப்பையும் உங்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் தாமதித்தால் செலவு தானாக ரத்தாகிவிடாது. வட்டியைக் குறைக்கும்படி கேட்கலாம், குறிப்பிட்ட நாளுக்குள் தொடங்கச் சொல்லி கோர்ட் உத்தரவும் கேட்கலாம்.

அறிவிப்பு கிடைத்து 21 நாளுக்குள் நீங்கள் ஆட்சேபப் பட்டியல் தர வேண்டும். தராவிட்டால் முழுத் தொகைக்கும் அவர்கள் கோர்ட்டில் சான்றிதழ் வாங்கிவிடலாம். அதை நீக்கக் கேட்பதானால் தெரிந்த உடனே விண்ணப்பியுங்கள், தாமதத்தையும் கோர்ட் கணக்கில் எடுக்கும். 21 நாள் போதாது என்று முன்பே தெரிந்தால் கூடுதல் அவகாசம் கேட்டு எதிர்த்தரப்பின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பில் 75,000 பவுண்டுக்குள் இருந்தால் நீதிபதி முதலில் காகிதங்களைப் பார்த்தே தற்காலிகமாக மதிப்பிடுவார். அது பிடிக்காவிட்டால் 21 நாளுக்குள் நேரடி விசாரணை கேட்கலாம். கேட்டவருக்குச் சாதகமாக 20 சதவீதமாவது மாறாவிட்டால், வேறு உத்தரவு இல்லாதவரை அந்த விசாரணையின் செலவு கேட்டவர் பொறுப்பு.